1918-ஐ மறக்காத ஊர்கள்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், கிழக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலமுனையைச் சுற்றிப் போகிறது 35-ஆம் எண் நெடுஞ்சாலை. ஓபோட்டிக்கி என்ற சிற்றூரில் கிளம்பி கிஸ்போர்ன் நகரில் முடியும் அந்தச் சாலையின் நீளம் 300 கிலோமீட்டருக்கும் அதிகம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பசிபிக் பெருங்கடல், நடுவே பூர்வகுடிகளான மாவோரிகளின் சின்னச் சின்ன ஊர்கள். வழிநெடுகத் தேடினாலும் ஒரு பெரிய மருத்துவமனை கிடையாது.

2020 மார்ச் 25 அன்று நியூசிலாந்து முழு ஊரடங்குக்குள் போனது. அதே நாளில் இந்தச் சாலையில் டெ ஃபானாவ் ஆ அபனுயி என்ற மாவோரி இனக்குழுவினர் தங்கள் நிலத்தின் எல்லையில் சோதனைச் சாவடி போட்டு நின்றார்கள். ஊர்க்காரர்களும் அத்தியாவசியப் பொருள் கொண்டுவருகிறவர்களும் போகலாம். கடற்கரையில் கூடாரம் போட்டு ஊரடங்கைக் கழிக்கலாம் என்று வேனோடு வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டும். யாரும் யாரையும் அடிக்கவில்லை. எங்கே போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். இங்கே வயதானவர்கள் நிறைய இருக்கிறார்கள், தயவுசெய்து திரும்பிவிடுங்கள் என்று சொன்னார்கள். அந்த ஏற்பாட்டை முன்னின்று நடத்தியவர் ராவிரி வைட்டிட்டி. அதே ஆண்டு அக்டோபரில் அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

நாட்டின் வடகோடியில் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஹோனே ஹாரவிராவின் தலைமையில் இன்னொரு கூட்டம் இதே வேலையைச் செய்தது. வேறு சில இடங்களிலும் சாவடிகள் முளைத்தன. பொதுச் சாலையை மறிக்க இவர்களுக்கு என்ன அதிகாரம் என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் நியாயமான கேள்விதான். பல இடங்களில் காவல்துறையினர் சாவடியைப் பிரித்தெறியாமல் அவர்களோடு சேர்ந்து நின்றார்கள்.

அந்த ஊர்க்காரர்களிடம் வேறொரு பதில் இருந்தது. அதற்கு 102 வயது.

எட்டு மடங்குச் சாவு

1918 நவம்பர். முதல் உலகப் போர் முடிகிற நேரம். உலகைச் சுற்றிவந்த இன்ஃப்ளுயன்சா நியூசிலாந்தில் இறங்கி இரண்டே மாதங்களில் ஏறக்குறைய 9,000 பேரைக் கொண்டுபோனது. அவர்களில் சுமார் 2,500 பேர் மாவோரிகள். அன்று அவர்களின் மொத்தத் தொகையே 50,000 அளவில்தான் இருந்தது. அப்படியென்றால் இருபது பேருக்கு ஒருவர் செத்தார். வெள்ளையரோடு ஒப்பிட்டால் மாவோரிகளின் சாவு விகிதம் எட்டு மடங்கு.

இந்த எட்டு மடங்கு உடம்பிலிருந்து மட்டும் வந்ததல்ல. நிலம் பறிபோனதால் வந்த வறுமை, காற்றுப் புகாத நெருக்கமான குடில்கள், எட்டாத தூரத்தில் மருத்துவர்கள் எல்லாம் சேர்ந்து வந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1913-இல் பெரியம்மை பரவியபோதும் செத்த 55 பேரும் மாவோரிகளே. அப்போது, அம்மை குத்திக்கொண்டதற்குச் சான்று காட்டினால்தான் மாவோரிகள் ரயிலில் ஏறலாம் என்று விதி போட்டார்கள். வெள்ளையருக்கு அந்த விதி இல்லை. நோயைச் சுமந்தவர்களே நோய்க்குக் குற்றவாளிகளும் ஆனார்கள்.

இந்த இரண்டு கொள்ளைநோய்களுக்கும் நடுவில் நின்ற ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. டெ புயேயா ஹெராங்கி, வைகாட்டோ பகுதியின் மாவோரி அரச குடும்பத்தில் பிறந்தவர். 1913-இல் வெள்ளையரின் மருத்துவமனைக்குப் போகத் தம் மக்கள் அஞ்சியபோது, நிகாவ் பனையின் ஓலையால் தனிக் குடில்கள் கட்டி, அம்மை கண்டவர்களை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டார். தனிமைப்படுத்தும் முகாம் என்று இன்று நாம் சொல்வதை ஓலையும் கழியும் கொண்டு செய்தார். 1918-இல் அவரே காய்ச்சலில் விழுந்தார். அவருடைய மங்காட்டாஃபிரி குடியிருப்பில் நான்கில் ஒரு பங்கு மக்கள் இறந்தார்கள். எழுந்து வந்த டெ புயேயா, அநாதையாகிப்போன ஏறக்குறைய நூறு குழந்தைகளைத் திரட்டி, மிஞ்சிய குடும்பங்களிடம் ஒப்படைத்து வளர்த்தார். 1921-இல் அந்த மக்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வைகாட்டோ ஆற்றங்கரையில் ங்காருவாவாஹியா என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தார். கையில் காசில்லாமல் புதர் வெட்டிக் கட்டிய அந்தப் புதிய ஊருக்கு டூராங்காவாய்வாய் என்று பெயர். காலூன்றி நிற்கும் இடம் என்று பொருள். மாவோரி அரசின் தலைமையிடம் இன்றும் அதுதான்.

டூராங்காவாய்வாயில் இன்று நடமாடுகிற பலருக்கு அந்த நூறு பிள்ளைகளில் யாராவது ஒருவர் கொள்ளுப்பாட்டியாகவோ கொள்ளுத்தாத்தாவாகவோ இருப்பார். அவர்களுக்கு 1918 என்பது குடும்பக் கதை.

கடலுக்கும் காட்டுக்கும் ஊருக்கும் ஒரே தடை

அபனுயி மக்கள் சாலையில் போட்ட தடைக்கு அவர்கள் மொழியில் ராஹுய் என்று பெயர். இது கொரோனாவுக்காகக் கண்டுபிடித்த சொல் இல்லை. கடலில் ஒருவர் மூழ்கி இறந்தால் அந்தக் கடற்பகுதிக்கு ராஹுய் சொல்வார்கள். தடை விலகும் வரை அங்கே மீன் பிடிக்கக் கூடாது, சிப்பி பொறுக்கக் கூடாது. மீன்வளம் குறைந்தாலும் ராஹுய் உண்டு. 2017 டிசம்பரில் ஆக்லாந்துக்கு மேற்கே வைட்டாக்கரே காட்டில் ஆயிரம் ஆண்டு நிற்கக்கூடிய கவ்ரி மரங்கள் நோய் கண்டு பட்டுப்போனபோது, அந்தக் காட்டுக்கு உரிய இனக்குழு காடு முழுவதற்கும் ராஹுய் அறிவித்தது. நடைபயணம் வருகிறவர்களின் காலணி மண்ணில் ஒட்டிக்கொண்டு அந்த நோய் மரத்துக்கு மரம் போகிறது என்பதுதான் காரணம். மனிதக் காலடி நின்றால் நோயின் நடமாட்டமும் நிற்கும். 2019 டிசம்பர் 9 அன்று அபனுயி மக்களின் கரைக்கு அப்பால் கடலில் நிற்கும் ஃபகாரி எரிமலை வெடித்து 22 உயிர்கள் போயின. அப்போதும் அந்தக் கரையோர மக்கள் கடலுக்கு ராஹுய் சொன்னார்கள். நான்கு மாதம் கழிவதற்குள் அதே கரையில் சாலைக்கு ராஹுய் வந்தது.

தமிழருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். அம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடியும் வரை ஊரைவிட்டு வெளியே போய் இராத்தங்கக் கூடாது என்பது நம் கிராமங்கள் பலவற்றில் இன்றும் வழக்கம். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் தெருவே அந்த வீட்டைத் தாண்டி விலகி நடக்கும். நம்மிடம் அந்த வழக்கம் சடங்காகச் சுருங்கிவிட்டது. மாவோரிகளிடம் அது நிர்வாகமாக உயிரோடு இருக்கிறது. தடையைச் சொல்ல உரிமை உள்ளவர் யார், எப்போது சொல்லலாம், யார் எடுக்கலாம் என்ற ஒழுங்கு இருக்கிறது. அவர் சொன்னால் ஊர் கேட்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் எத்தனை அரசாங்கங்கள் இந்த ஒன்றுக்காகத் தவித்தன என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

மரபறிவு என்றதும் நம் மனம் மூலிகைக்கு ஓடுகிறது. 2020-இல் கபசுரக் குடிநீருக்கு வரிசையில் நின்றவர்கள்தானே நாம். மாவோரிகளிடமும் மூலிகை உண்டு. காயத்துக்கும் வயிற்றுக்கும் அவர்கள் நாடும் முக்கியமான செடி கவகவா. இதய வடிவ இலை, அதில் பூச்சி அரித்த ஓட்டைகள். மிளகும் வெற்றிலையும் சேர்ந்த அதே தாவரக் குடும்பம். தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், அமேசான் படுகையின் புகல்பா நகரத்து மருத்துவமனைகள் 2020 மே மாதத்தில் நிரம்பி வழிந்தபோது, ஷிபிபோ பூர்வகுடி இளைஞர்கள் ஒரு படையாகத் திரண்டு வீடு வீடாகப் போய் ஆவி பிடிக்கவைத்துக் கஷாயம் கொடுத்தார்கள். அவர்களின் செடி மாட்டிக்கோ. அதுவும் மிளகுக் குடும்பம்தான். மாட்டிக்கோ படை என்றே அவர்கள் பெயர் வாங்கினார்கள். மருத்துவர் எட்டிப் பார்க்காத வீட்டுக்குள் பயப்படாமல் ஒருவர் நுழைந்து, நெற்றியில் கை வைத்து, தன் மொழியில் பேசி, சூடாக ஏதோ குடிக்கக் கொடுப்பது சிறிய காரியமா? அதன் மதிப்பை நான் குறைக்க மாட்டேன். ஆனால் மாட்டிக்கோவோ கவகவாவோ கொரோனாவைக் கொல்லும் என்று எந்தச் சோதனையும் நிறுவியதில்லை. பூர்வகுடிகளின் அறிவு முழுவதையும் கஷாயச் சட்டிக்குள் அடைத்துவிட்டால், அவர்களிடம் இருந்த பெரிய அறிவை நாம் தவறவிடுகிறோம். நோய் எப்படி வரும், எந்த வழியாக வரும், வந்தால் முதலில் யாரை எடுக்கும் என்ற நினைவுதான் அந்த அறிவு.

ஒரு கப்பல், இரண்டு சமோவாக்கள்

அந்த நினைவு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியது என்பதைச் சமோவாவைப் போல் காட்டும் இடம் வேறில்லை. 1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து வந்த டாலூன் என்ற கப்பல் அபியா துறைமுகத்தில் நின்றது. கப்பலில் காய்ச்சல் கண்டவர்கள் இருந்தார்கள். அன்று மேற்குச் சமோவா நியூசிலாந்து ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தது. தனிமைப்படுத்தாமல் பயணிகளை இறங்கவிட்டார்கள். அடுத்த சில வாரங்களில் ஏறக்குறைய 8,500 பேர் இறந்தார்கள். ஐந்தில் ஒருவருக்கும் மேல். தோட்டம் முதல் அரசியல் வரை அந்த நாட்டின் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்த குடும்பத் தலைவர்களில் பலர் அந்த வாரங்களில் மறைந்தார்கள்.

கண்ணுக்கெட்டும் தூரத்துக் கடலுக்கு அப்பால் அமெரிக்கச் சமோவா. அதே மக்கள், அதே மொழி, அதே உறவுமுறை. அங்கே ஆளுநராக இருந்த ஜான் போயர் துறைமுகத்தை மூடினார். சமோவர்கள் தாங்களே கடற்கரையில் காவல் சுற்றி, மேற்கிலிருந்து படகுகள் வந்து ஒதுங்காமல் பார்த்துக்கொண்டார்கள். அங்கே ஒருவர்கூடச் சாகவில்லை. அவர்கள் உதவ முன்வந்தபோது மேற்கின் நிர்வாகி ராபர்ட் லோகன் ஏற்க மறுத்தார். இதற்காக நியூசிலாந்து பிரதமர் ஹெலன் கிளார்க் மன்னிப்புக் கேட்டது 2002-இல். 84 ஆண்டுகள் ஆயின.

அன்றைய மேற்குச் சமோவாவான சமோவா நாட்டு மக்களுக்கு 2019 இறுதியிலும் ஓர் அடி விழுந்தது. தட்டம்மை பரவி 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். டிசம்பரில் நாடு முழுவதும் இரண்டு நாள் கடை, அலுவலகம், சாலை எல்லாவற்றையும் மூடிவிட்டு, தடுப்பூசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். மருத்துவக் குழுக்கள் அந்தச் சிவப்பைத் தேடி வீடு வீடாகப் போயின. வேப்பிலை விலகிப் போகச் சொன்னது. இந்தச் சிவப்புத் துணி உள்ளே வரச் சொன்னது. சில மாதங்களில் கொரோனா வந்தபோது, தென் கடலின் தீவுகள் தயங்காமல் கதவைச் சாத்தியதை அச்சம் என்று சொல்பவர் உண்டு. அவர்களுக்கு 1918 தெரியாது.

எலியின் கதை

நினைவு என்றால் அழுகை மட்டும்தானா? நாவஹோ பெரியவர்களின் நினைவு நோயின் கணக்கையே வைத்திருந்தது. அமெரிக்காவின் தென்மேற்கில், கேரளத்தைப் போல் ஏறக்குறைய இருமடங்கு பரப்புள்ள வறண்ட நிலத்தில் வாழும் மக்கள் அவர்கள். 1993 மே மாதத்தில் அங்கே திடகாத்திரமான இளைஞர்கள் திடீரென்று மூச்சு முட்டிச் செத்தார்கள். மருத்துவர்களுக்குப் புரியவில்லை. நாளிதழ்கள் அதற்கு நாவஹோக் காய்ச்சல் என்று பெயர் வைத்தன. ஊருக்குள் வரவே மற்றவர்கள் அஞ்சினார்கள்.

பெரியவர்களைக் கேட்டபோது அவர்கள் ஒரு சங்கிலியைச் சொன்னார்கள். மழையும் பனியும் அதிகம் பெய்தால் பின்யோன் மரத்தில் கொட்டை அதிகம் காய்க்கும். கொட்டை பெருகினால் எலி பெருகும். எலி பெருகிய ஆண்டுகளில் இந்தச் சாவு முன்பும் வந்திருக்கிறது. எலியின் எச்சம் பட்ட துணியை எரித்துவிட வேண்டும், எலியை வீட்டுக்குள் விடவே கூடாது என்பது அவர்களின் பழைய விதி. பரிசோதனைக்கூடம் தன் வழியில் போய் அதே எலியைக் கண்டுபிடித்தது. மான் எலி என்ற காட்டெலியின் எச்சத்திலிருந்து காற்றில் கலந்து பரவும் ஹாண்டா வகை வைரஸ் அது. எல் நினோவால் பெய்த மழையில் அந்த ஆண்டு எலிகள் பெருகியிருந்தன. எழுதப்படாத பதிவேடு ஒன்றில் தலைமுறை தலைமுறையாகக் குறித்துவைத்த கவனிப்பு, நுண்ணோக்கியின் முடிவோடு பொருந்தியது.

இவ்வளவு அறிந்த மக்களையும் 2020 கடுமையாகத் தாக்கியது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லை. கையை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர்கள் பீப்பாயில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு பல மைல் வண்டி ஓட்டினார்கள். அந்த மே மாதத்தில் தலைக்கணக்கில் நியூயார்க்கையும் மிஞ்சியது அவர்களின் தொற்று. அதே மக்கள் 2021-இன் முதல் பாதியில் தடுப்பூசியில் அமெரிக்கச் சராசரியை முந்தினார்கள். தங்கள் மொழி அறிந்த பெரியவர்கள் சாகிறார்கள், அவர்களோடு மொழியும் சாகிறது என்பதே அவர்கள் தமக்குள் சொல்லிக்கொண்ட காரணம்.

இந்த அச்சம் வெறும் பேச்சில்லை. பிரேசிலின் சிங்கு நதிப் பகுதியில் 1954-இல் தட்டம்மை வந்து ஊர்களை அழித்ததை நினைவில் வைத்திருந்த குயிகுரோ மக்கள், கொரோனா வருமுன்பே நிதி திரட்டி, தாங்களே மருத்துவரையும் செவிலியரையும் அமர்த்தி, தனிமை வீடு ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். இறந்த தலைவர்களுக்கு எடுக்கும் குவாருப் பெருவிழாவை அந்த ஆண்டு சிங்கு மக்கள் நிறுத்திவைத்தார்கள். அப்படியும் 2020 ஆகஸ்ட் 5 அன்று அந்தப் பகுதியின் மூத்த தலைவர் அரிட்டானா யாவலாபிட்டியைக் கொரோனா எடுத்துக்கொண்டது. தன் இனத்தின் மொழியைப் பேசக்கூடிய மிகச் சிலரில் அவர் ஒருவர்.

காது கொடுக்காதவர்கள்

நியூசிலாந்துக்குத் திரும்புவோம். அங்கே ஆறில் ஒருவர் மாவோரி. முதல் அலையில் தொற்றுக்கு ஆளான சுமார் 1,500 பேரில் மாவோரிகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1918-ஐ அறிந்தவர்கள் யாரும் எதிர்பார்க்காத கணக்கு. இதை முழுவதும் சாவடிகளின் சாதனை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அலையில் நோய் பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணிகளோடு வந்தது, அரசும் விரைவாக நாட்டை மூடியது. ஆனால் மூடிய நாட்டுக்குள் முதியவர்களின் பெயர்ப்பட்டியல் போட்டு நாள்தோறும் தொலைபேசியில் கூப்பிட்டு, சாப்பாட்டுப் பெட்டியும் சோப்பும் கொண்டுபோய் வாசலில் வைத்தது இனக்குழுக்கள்தான். நெற்றியும் மூக்கும் தொட்டு ஒரே மூச்சைப் பகிர்ந்துகொள்ளும் ஹொங்கி வணக்கத்தை அரசு சொல்லும் முன்பே பல குழுக்கள் நிறுத்தின. அதற்குப் பதிலாகத் தூரத்தில் நின்று புருவத்தைத் தூக்கி வணக்கம் சொல்லும் கிழக்குக் கரைப் பழக்கத்தைப் பிரதமர் ஜசிந்தா ஆர்டர்னே நாட்டுக்குப் பரிந்துரைத்தார்.

இப்படி வழிகாட்டியவர்களின் பேச்சை அடுத்த ஆண்டே அரசு கேட்காமல் விட்டது என்பதில்தான் எனக்குக் கோபம். 2021-இல் தடுப்பூசி வந்தபோது வயது வரிசைப்படி முதியவர்களிலிருந்து போட்டார்கள். பார்க்க நியாயம்தான். ஆனால் மாவோரிகளில் இளையவர்கள் அதிகம். நோய்களோ அவர்களுக்குச் சிறுவயதிலேயே வருகின்றன, ஆயுளும் குறைவு. அவர்களுக்கு வயது வரம்பைத் தளர்த்துங்கள் என்று மாவோரி மருத்துவர்கள் சொன்னார்கள், அரசின் அதிகாரிகளே சொன்னார்கள். அமைச்சரவை ஏற்கவில்லை. டெல்டா வகை ஆகஸ்டில் வந்தபோது ஊசி போடாமல் மிஞ்சியிருந்தவர்களில் மாவோரி இளைஞர்கள் ஏராளம். தொற்றின் பாரமும் அவர்கள் மேல் விழுந்தது. யார் ஊசி போடவில்லை என்ற விவரத்தைக் கொடுங்கள், நாங்கள் வீடு தேடிப் போகிறோம் என்று மாவோரி சுகாதார அமைப்பு கேட்டது. அதற்கும் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 1840-இல் மாவோரித் தலைவர்களோடு செய்துகொண்ட வைட்டாங்கி உடன்படிக்கையை இந்த நடத்தை மீறியது என்று வைட்டாங்கி தீர்ப்பாயம் 2021 டிசம்பரில் எழுதியது. சாலையில் நின்று வழிமறித்தவர்கள் சட்டத்தை மீறினார்களா என்று 2020-இல் கேட்டவர்கள் அந்த அறிக்கையையும் படித்திருக்க வேண்டும்.

மாவோரிகளுக்கு மிகவும் கடினமாக இருந்தது சாவடியோ ஊசியோ இல்லை, டாங்கி. இறந்தவரின் உடலை ஊரின் பொதுமன்றமான மராயேயில் மூன்று நாள் கிடத்தி, ஒரு கணமும் தனியே விடாமல் கூட இருந்து, வருகிறவர்கள் எல்லாரும் இறந்தவரைப் பார்த்து நேரடியாகப் பேசி, பாடி, அழுது வழியனுப்பும் முறை அது. 1918-இல் நோய் பரவ அதுவும் ஒரு வழியாக இருந்தது என்பதை அறிந்த மக்கள், 2020-இல் மராயேக் கதவுகளைத் தாங்களே பூட்டினார்கள். உடல்கள் நேராக மயானத்துக்குப் போயின. கைப்பேசித் திரையில் விடைகொடுத்தார்கள்.

அவர்களிடம் காவே மாட்டே என்று இன்னொரு வழக்கம் உண்டு. இறந்தவரோடு உறவுள்ள மற்ற ஊர்களுக்குக் காலம் கழித்து அவரைச் சுமந்து போவது. உடலுக்குப் பதிலாகப் படம் போகும். ஜூன் 8 நள்ளிரவில் உள்நாட்டுக் கட்டுப்பாடுகள் விலகி மராயேக் கதவுகள் திறந்தபின், அந்த மாதங்களில் கூட்டமில்லாமல் புதைக்கப்பட்டவர்களுக்கு இந்த வழி மிச்சமிருந்தது. முற்றத்தில் பெண்ணொருத்தி குரலெடுத்து அழைப்பாள். சட்டமிட்ட படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு குடும்பம் மெல்ல உள்ளே நடக்கும். மன்றத்தின் சுவரோரம், முன்பே போனவர்களின் படங்களுக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைப்பார்கள். பிறகு வந்தவர்களும் இருந்தவர்களும் வரிசையாக நின்று மூக்கோடு மூக்கு வைத்து, நிறுத்திவைத்திருந்த மூச்சைப் பகிர்ந்துகொள்வார்கள்.